வயிற்றில் துளை போடுவதற்கு முன்...

கல்யாணம் முடிந்து ஆறு மாதம் ஆகிவிட்டால் போதும், நம் ஊரில் ஒரு கேள்வி கிளம்பிவிடும். "ஏதாவது விசேஷம் உண்டா?" கேட்பவர் மாமியாராக இருக்கலாம், நாத்தனாராக இருக்கலாம், திருவிழாவில் எப்போதோ பார்த்த ஒரு தூரத்துப் பெரியம்மாவாகக் கூட இருக்கலாம். ஆனால் கேட்கப்படுவது எப்போதும் அந்தப் பெண்தான். மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு யாரும் இதைக் கேட்பதில்லை.

வீட்டில் தொடங்கும் இந்தப் பழக்கம் ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே போகிறது. ஒரு வருடம் கழிந்ததும் பெண்ணை மட்டும் அழைத்துப் போகிறார்கள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மறுபடி ஸ்கேன்... கடைசியில் "உள்ளே கேமரா விட்டுப் பார்த்துவிடலாம்" என்ற வார்த்தை வருகிறது. அந்தக் கேமராவின் பெயர்தான் லேப்ராஸ்கோப்பி.

லேப்ராஸ்கோப்பி நல்ல கருவி. அதில் சந்தேகமே வேண்டாம். கேள்வி என்னவென்றால், அது எத்தனாவது பரிசோதனையாக வர வேண்டும்? ஒரு ஆணின் விந்தணுவைச் சோதிக்க ஒரு சின்ன டப்பாவும் அரை மணி நேரமும் போதும். அதைக் கூடச் செய்யாமல் ஒரு பெண்ணுக்கு மயக்க மருந்து கொடுத்து வயிற்றில் துளை போடுவது எந்த ஊர் நியாயம்?

முதலில் இது என்ன என்று பார்த்துவிடலாம்.

மாதவிலக்கு முடிந்து, அடுத்த முட்டை வெளியாகும் முன்பு உள்ள நாட்களில் இதைச் செய்வார்கள். முந்தின இரவிலிருந்து பட்டினி. முழு மயக்கம் கொடுத்த பிறகு தொப்புளில் ஒரு சின்ன வெட்டு போட்டு, அதன் வழியாக ஊசியை விட்டு, கார்பன் டை ஆக்சைடு வாயுவை வயிற்றுக்குள் செலுத்துவார்கள். வயிறு பலூன் மாதிரி எழும்பினால்தான் உள்ளே உறுப்புகளைப் பிரித்துப் பார்க்க இடம் கிடைக்கும். பிறகு பேனா அளவு பருமன் உள்ள குழாய்க் கேமரா உள்ளே போகும். அடிவயிற்றில் இன்னும் ஒன்றிரண்டு துளை வழியாகக் கருவிகள் போகும். கீழே கர்ப்பப்பை வாய் வழியாக நீலச் சாயம் ஒன்றைச் செலுத்துவார்கள். இரண்டு கருக்குழாய்களின் முனையிலும் நீலம் சொட்டினால் வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். சொட்டவில்லை என்றால் எங்கோ அடைப்பு. மொத்தம் அரை மணி நேர வேலை. அன்றைக்கோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டு மூன்று நாளுக்குத் தோள்பட்டை வலிக்கும். "வயித்துல ஆபரேஷன் பண்ணாங்க, தோள் ஏன் வலிக்குது?" என்று பலரும் பயந்துபோவது உண்டு. உள்ளே மிச்சம் இருக்கும் வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது, தானாகப் போய்விடும்.

கேட்கச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதுவும் ஆபரேஷன்தான். பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி, நோயாளியிடம் கையெழுத்து வாங்கும்போது சொல்ல வேண்டியது என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. வெறும் பார்ப்பதற்காகச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் ஆயிரம் பெண்களில் சுமார் 2 பேருக்குக் குடல், சிறுநீர்ப்பை, ரத்தக்குழாய் காயம் போன்ற பெரிய சிக்கல் வரலாம். ஒரு லட்சம் பேரில் 3 முதல் 8 பேர் வரை உயிரிழக்கலாம். மிகக் குறைவுதான். ஆனால் விந்தணுப் பரிசோதனையில் இதுவரை யாருக்கும் குடல் கிழிந்ததாகக் கேள்விப்பட முடியாது!

இந்தக் கருவியின் வரலாறே ஒரு பாடம். ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஜேக்கோபேயஸ் 1910-இல் மனித வயிற்றுக்குள் இப்படிக் குழாய் விட்டுப் பார்த்ததை எழுதினார். 1940-களில் பாரிசில் ராவுல் பால்மர் இதைப் பெண்களின் குழந்தையின்மைக்காகப் பயன்படுத்தத் தொடங்கினார். இங்கிலாந்தில் ஓல்டாம் என்ற மில் நகரத்தில் இருந்த பேட்ரிக் ஸ்டெப்டோ 1967-இல் இதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே போட்டார். கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி ராபர்ட் எட்வர்ட்ஸ் அவரைத் தேடி வந்தது இந்தக் கைத்திறனுக்காகத்தான். லெஸ்லி பிரவுன் என்ற பெண்ணுக்கு இரண்டு கருக்குழாய்களும் அடைப்பு. லேப்ராஸ்கோப் வழியாக அவருடைய முட்டையை எடுத்து, வெளியே கருவாக்கி, உள்ளே வைத்தார்கள். 1978 ஜூலை 25 அன்று லூயிஸ் பிரவுன் பிறந்தாள். உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை. (அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியால் துர்கா பிறந்தாள். அவர் லேப்ராஸ்கோப்பே இல்லாமல் பிறப்புறுப்பு வழியாக முட்டையை எடுத்தார். அவரை நம்பாமல் விசாரணை வைத்து அவமானப்படுத்தினார்கள். 1981-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அது தனிக் கதை.)

இதில் கவனிக்க வேண்டியது, 1980-களுக்குள்ளேயே முட்டை எடுக்கும் வேலை லேப்ராஸ்கோப்பின் கையை விட்டுப் போய்விட்டது. ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே ஊசியால் எடுக்கும் சுலபமான வழி வந்ததும், துளை போடும் வழியை மருத்துவர்களே ஒதுக்கிவிட்டார்கள். பரிசோதனையிலும் அதேதான் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் எண்டோமெட்ரியோசிஸ் என்று உறுதியாகச் சொல்ல லேப்ராஸ்கோப்பிதான் கடைசித் தீர்ப்பு. கர்ப்பப்பையின் உள்படலம் போன்ற திசு வெளியே சினைப்பையிலும் குடலிலும் படர்ந்து, மாதாமாதம் வலியைக் கொடுக்கும் நோய் அது. ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2022-இல் அந்தத் தீர்ப்பையே மாற்றி எழுதிவிட்டது. முதலில் ஸ்கேன், எம்.ஆர்.ஐ.; அவற்றில் தெரியாதபோது அல்லது மருந்து பலிக்காதபோது மட்டும் லேப்ராஸ்கோப்பி. காரணம் தெரியாத குழந்தையின்மைக்கு வழக்கமாக எல்லோருக்கும் இதைச் செய்ய வேண்டாம் என்று 2023-இல் அதே சங்கம் சொன்னது.

அப்படியானால் இங்கேயும் அதையே காப்பியடித்துவிடலாமா? கூடாது. இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

ஐரோப்பாவில் அதிகம் இல்லாத ஒன்று நம்மிடம் உண்டு: காசநோய். உலகக் காசநோயாளிகளில் சுமார் நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். காசநோய் என்றால் இருமலும் நுரையீரலும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆனால் அந்தக் கிருமி ரத்தத்தின் வழியாகக் கருக்குழாய்க்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். இருமல் இருக்காது, காய்ச்சல் இருக்காது. மாதவிலக்கு கொஞ்சம் குறையும், சில பேருக்கு அதுவும் குறையாது. வருடக்கணக்கில் சத்தமே இல்லாமல் குழாயை அரித்து, தழும்பாக்கி, அடைத்துவிடும். குழந்தை இல்லை என்று டாக்டரிடம் போகும்போதுதான் பல பெண்களுக்கு அது முதல் முறையாகத் தெரியவரும். கேமராவில் பார்த்தால் அரிசிக் குருணை தூவியது போல வெள்ளைப் புள்ளிகள், மணி கோத்தது போல முடிச்சு முடிச்சான குழாய், குடலும் கர்ப்பப்பையும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பது... இதையெல்லாம் கண்ணால் பார்த்து, அங்கேயே ஒரு துண்டுத் திசுவை எடுத்துச் சோதனைக்கு அனுப்ப லேப்ராஸ்கோப்பியால் முடியும். சாதாரண ஸ்கேனில் இந்த ஆரம்பக் குருணைகள் தெரியாது.

இன்னொரு வேடிக்கை. வயிற்றுக்குள் வாயு செலுத்தப் பயன்படும் அந்த ஊசிக்கு வெரஸ் ஊசி என்று பெயர். ஹங்கேரி மருத்துவர் யானோஷ் வெரஷ் 1930-களில் அதைச் செய்தது வயிற்றுக்காகவே இல்லை. காசநோய் வந்த நுரையீரலைச் சுற்றிக் காற்றை அடைத்து, அதற்கு ஓய்வு கொடுக்கும் அந்தக் கால வைத்தியத்துக்காகச் செய்தார். காசநோய்க்குப் பிறந்த ஊசி, இன்று கருக்குழாயில் ஒளிந்திருக்கும் காசநோயைத் தேட வழி திறக்கிறது.

ஆக, நம் ஊரில் இதற்கு வேலை இருக்கிறது. அதைச் செய்யாமல் விடுவதும் ஒரு தப்பாக முடியலாம். கர்ப்பப்பைத் திசுவில் பி.சி.ஆர். பரிசோதனை மட்டும் செய்து, 'பாசிட்டிவ்' என்று வந்தவுடன் ஆறு மாதம் காசநோய் மாத்திரை கொடுக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. செத்துப்போன கிருமியின் மிச்சத்தைக் கூட பி.சி.ஆர். பிடித்துக் காட்டிவிடும். அதை மட்டும் நம்பி மருந்து தொடங்கக் கூடாது என்று 2016-இல் வெளியான நுரையீரலுக்கு வெளியே வரும் காசநோய்க்கான இந்திய நெறிமுறையே சொல்கிறது. ஈரலைப் பாதிக்கக் கூடிய மாத்திரைகளை ஆறு மாதம் தேவையில்லாமல் விழுங்குவதை விட, சந்தேகம் வலுவாக இருக்கும்போது ஒரு முறை கேமராவில் பார்த்து உறுதி செய்வது மேல். உறுதியானால் மருந்து அரசாங்கத்தில் இலவசம். நிக்‌ஷய் திட்டத்தில் சத்துணவுக்காக மாதம் ஆயிரம் ரூபாயும் வரும். 2024 நவம்பருக்கு முன்பு அது 500 ரூபாயாக இருந்தது. ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மருந்து கிருமியைக் கொல்லும். நாரான குழாயை மறுபடி குழாயாக்காது. இதை நோயாளியிடம் முதல் நாளே சொல்லும் டாக்டர்தான் நல்ல டாக்டர்.

சரி, இந்த யோசனையெல்லாம் ஏலகிரி மலையில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு எப்படிப் பொருந்தும்?

ஏலகிரி என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் புங்கனூர் ஏரியும் படகும் பலாப்பழமும்தான் ஞாபகம் வரும். புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடிகள் பெங்களூரில் இருந்தும் சென்னையில் இருந்தும் காரில் ஏறி வருகிற இடம். ஆனால் அத்தனாவூர், நிலாவூர், மங்கலம் என்று பதினான்கு கிராமங்களில் மலையாளிப் பழங்குடி மக்கள் அங்கேயே வாழ்கிறார்கள். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது மலை திருப்பத்தூர் மாவட்டத்துக்குள் வந்துவிட்டது. ஆனாலும் பெரிய வைத்தியம் என்றால் சுற்றுவட்டார மக்களின் வாயில் வருவது இன்னமும் வேலூர்தான். வேலூர் என்றால் சி.எம்.சி.

அங்கே போக ஒரு பெண் பதினான்கு கொண்டை ஊசி வளைவு இறங்கிப் பொன்னேரிக்கு வந்து, ஜோலார்பேட்டையில் ரயில் பிடித்து, வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம் தாண்டிக் காட்பாடியில் இறங்கி, மறுபடி பஸ் ஏற வேண்டும். ரயில் தூரம் மட்டும் எண்பது கிலோமீட்டருக்கு மேல். ஒரு நாள் கூலி போச்சு. மலையடிவாரத்திலும் ஆம்பூர், வாணியம்பாடியைச் சுற்றியும் இருக்கும் பெண்கள் பலர் கம்பெனி பஸ் ஏறி ஷூ கம்பெனிக்குத் தையல் வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுக்கும் லீவு என்றால் சம்பளப் பிடித்தம்தான். குழந்தையின்மைப் பரிசோதனையோ ஒரே நாளில் முடிவதில்லை. மாதவிலக்கின் இரண்டாம் நாள் ரத்தம், எட்டு பத்தாம் நாளில் கருக்குழாய் எக்ஸ்ரே, அப்புறம் முட்டை வளர்வதைப் பார்க்க ஸ்கேன் என்று உடம்பின் காலண்டர்படி அலைய வேண்டும். "எங்கே போறே?" என்று கேட்பவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு பொய் வேறு கண்டுபிடிக்க வேண்டும்.

அதனால்தான் "எதுக்கு இத்தனை தடவை வரணும், ஒரேயடியா லேப்ராஸ்கோப்பி பண்ணிடலாம்" என்று சொன்னால் அந்தக் குடும்பத்துக்கு அது உதவி மாதிரித் தெரிகிறது. அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. முன்பு காசநோய் வந்தவர், குடல்வால் வெடித்து ஆபரேஷன் ஆனவர், மாதவிலக்கு வலியில் சுருண்டு படுப்பவர், எக்ஸ்ரேயில் அடைப்பு என்று வந்தவர், இவர்களுக்கெல்லாம் நேராகக் கேமராவுக்குப் போவது சரிதான். எக்ஸ்ரேயில் அடைப்பு போலத் தெரிவது சில சமயம் வெறும் தசை இறுக்கமாக இருக்கும். நீலச் சாயம் அந்தக் குழப்பத்தைத் தீர்க்கும். லேசான எண்டோமெட்ரியோசிஸ் இருந்தால் பார்த்த கையோடு பொசுக்கிவிடலாம். 1997-இல் வெளியான கனடா ஆய்வில் 341 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். பொசுக்கி எடுத்தவர்களில் சுமார் 31 சதவீதம் பேரும், பார்த்துவிட்டு மட்டும் விட்டவர்களில் சுமார் 18 சதவீதம் பேரும் 36 வாரத்துக்குள் கர்ப்பமானார்கள். (பின்னால் இத்தாலியில் நடந்த சின்ன ஆய்வில் இந்த வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.)

ஆனால் அந்த "ஒரேயடியா" என்ற கணக்கில் கணவனின் பரிசோதனை விட்டுப்போனால் மொத்தக் கணக்கும் தப்பு. ஏறக்குறைய பாதித் தம்பதிகளில் ஆணின் பக்கமும் குறை இருக்கிறது. சிலரிடம் அவனிடம் மட்டும், சிலரிடம் இருவரிடமும். அவனுக்குப் பட்டினி வேண்டாம், மயக்கம் வேண்டாம். இரண்டு முதல் ஏழு நாள் உறவு இல்லாமல் இருந்துவிட்டு லேபுக்குப் போனால் போதும். செலவு சில நூறு ரூபாய். திருப்பத்தூரிலோ ஆம்பூரிலோ உள்ள லேபிலேயே பார்த்துவிடலாம், வேலூர் வரை போகத் தேவையே இல்லை. இருந்தும் "எனக்கு என்ன குறை? நான் நல்லாத்தான் இருக்கேன்" என்ற ஒரு வரியால் பல பெண்கள் வயிற்றில் தழும்போடு திரிகிறார்கள். நல்லாத்தான் இருக்கிறான், மீசை, உழைப்பு, ஆரோக்கியம் எல்லாம் சரி. விந்தணு எண்ணிக்கை இதில் எதிலும் தெரியாது. அணுவே இல்லாத ஒருவனின் மனைவிக்கு இரண்டு குழாயிலும் நீலம் அருவி மாதிரிக் கொட்டினாலும் என்ன பயன்?

கேமராவால் பார்க்க முடியாதவையும் நிறைய உண்டு. முட்டையின் தரம் தெரியாது. ஹார்மோன் தெரியாது. எவ்வளவு முட்டை மிச்சம் இருக்கிறது என்று தெரியாது. அதற்கு ரத்தமும் ஸ்கேனும்தான். 'நீர்க்கட்டி' என்று ஊரெல்லாம் சொல்லும் பி.சி.ஓ.எஸ்.-ஐக் கண்டுபிடிக்கவும் துளை தேவையில்லை. முட்டை வெளியாகாததுதான் சிக்கல் என்றால் முதலில் மாத்திரைதான் வைத்தியம். அதைக் கொடுத்துப் பார்க்காமல் சினைப்பையில் பொத்தல் போடுவது கொசுவுக்குப் பீரங்கி.

தோல் ஷாப்புகளின் கழிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தப் பக்கத்தில் எந்தப் பெண்ணுக்குக் குழந்தை இல்லை என்றாலும் "எல்லாம் பாலாத்துத் தண்ணி" என்று சொல்பவர்கள் உண்டு. அந்தக் கோபம் நியாயமானது. 1996-இல் வேலூர் மக்கள் நலச் சங்கத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலைகளை நஷ்டஈடு கட்டச் சொன்னது. 2025 ஜனவரியிலும் அதே பிரச்னை குறித்து மறுபடி உத்தரவு போட வேண்டி வந்தது. ஆனால் ஒரு பெண்ணின் குழாய் எதனால் அடைத்தது, காசநோயாலா, பழைய தொற்றாலா என்பதைத் திசுவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பாலாற்றைத் திட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் குணப்படுத்தக்கூடிய காரணமும் கைநழுவிப்போகும்.

இந்த மண்ணில் பெண்களின் வைத்தியம் எப்படித் தொடங்கியது என்பது பலருக்குத் தெரிந்த கதை. 1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று குடும்பத்தினர் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஆண் டாக்டர் வேண்டாம் என்று மறுத்ததால் மூன்று பெண்களும் இறந்தார்கள். அதைப் பார்த்த ஐடா ஸ்கடர் டாக்டருக்குப் படித்துத் திரும்பி வந்து, 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் ஆரம்பித்தார். அன்றைக்கு ஆணின் மானத்துக்காகப் பெண் டாக்டரிடம் காட்டப்படாமல் செத்தாள். இன்றைக்கு ஆணின் மானத்துக்காகப் பெண் தேவைக்கு மேல் டாக்டரிடம் காட்டப்படுகிறாள். மானம் மட்டும் இடம் மாறவே இல்லை.

இந்தியக் கிராமங்களுக்கு லேப்ராஸ்கோப்பி போய்ச் சேர்ந்த விதமும் இதே போலத்தான். பல மாநிலங்களில் அது குழந்தையின்மைக்காகப் போகவில்லை, குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்களுக்காகப் போனது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே முகாமில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2016-இல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்தச் சொன்னது. குழந்தை வேண்டாம் என்றால் கேமரா ஊரைத் தேடி வந்தது. குழந்தை வேண்டும் என்றால் பெண்தான் கேமராவைத் தேடி ரயில் ஏற வேண்டும். அதற்கும் மேலே, மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் குழந்தைப்பேறு தொடர்பான சிகிச்சைகள் விலக்கப்பட்டவை பட்டியலில் இருக்கின்றன. குழந்தையின்மை ஒரு நோய் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உலகில் ஆறில் ஒருவர் வாழ்க்கையில் ஒரு கட்டத்தில் இதைச் சந்திக்கிறார் என்று 2023-இல் கணக்கும் கொடுத்தது. ஆறில் ஒருவருக்கு வரும் நோய் ஏன் காப்பீட்டுக்கு வெளியே நிற்க வேண்டும்?

அரசாங்கம் மாறும் வரை யாரும் காத்திருக்க முடியாது, வயது காத்திருக்காது. 35 தாண்டிய பெண் என்றால் ஒரு வருடம் கூட அல்ல, ஆறு மாதத்திலேயே பரிசோதனை தொடங்க வேண்டும். லேப்ராஸ்கோப்பிக்குக் கையெழுத்துப் போடும் முன் தம்பதி இருவரும் (இருவரும்!) உட்கார்ந்து டாக்டரிடம் சிலவற்றைக் கேட்கலாம். இவருடைய விந்தணு ரிப்போர்ட் பார்த்தாச்சா? கருக்குழாய் எக்ஸ்ரே எடுத்தாச்சா, எடுக்கவில்லை என்றால் ஏன்? உள்ளே எண்டோமெட்ரியோசிஸ் தெரிந்தால் அப்போதே எடுத்துவிடுவீர்களா, இன்னொரு தடவை மயக்கம் கொடுக்க வேண்டி வருமா? காசநோய் மாதிரி தெரிந்தால் திசுவைச் சோதனைக்கு அனுப்புவீர்களா? குழாய் இரண்டும் போய்விட்டது என்று தெரிந்தால் அடுத்து என்ன, அதற்கு எவ்வளவு ஆகும்?

முடிந்ததும் வீடியோவையோ படங்களையோ கேட்டு வாங்க வேண்டும். வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் "பழைய ரிப்போர்ட்ல தெளிவா இல்லை" என்று சொல்லி மறுபடி துளை போடுவது நடக்கிற விஷயம்தான். நீலச் சாயம் எந்தக் குழாயில் வந்தது, எதில் வரவில்லை, ஒட்டல் எங்கே இருந்தது என்று எழுதிய தாள் ஒன்றும், படம் உள்ள பென்டிரைவ் ஒன்றும் ரேஷன் கார்டோடு சேர்த்து அதே பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக இருக்கட்டும். கணவனின் ரிப்போர்ட்டும் அதே கவரில்.